என்ஜின் தின்ற கச்சாயம்

ஊஞ்சக்காட்டு வெள்ளியங்கிரி யோசிக்காமல் எந்தக் காரியத்தையும் செய்ததில்லை. யோசித்துச் செய்ததில் விளங்கியது எது என்று கேட்டால் ஊரார் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்ப்பார்கள், அது வேறு விஷயம். சந்தைக்குப் போய் வெங்காயம் வாங்க வேண்டுமென்றாலும், விற்கிறவன் இதை ஏன் இன்றைக்கே விற்கிறான், நல்ல சரக்கென்றால் வைத்து விற்க மாட்டானா என்று அடியிலிருந்து ஆராய்வார். ஆராய்ச்சி முடிவதற்குள் சந்தை கலைந்துவிடும். வெறும் பையோடு வீட்டுக்கு வந்து, "வெலை இன்னும் எறங்கும் பாவாயி" என்று மனைவியிடம் சொல்வார். அடுத்த வாரம் ஏறியிருக்கும். அப்போதும் அவர் கலங்கியதில்லை. ஏன் ஏறியது என்று யோசிக்க இன்னொரு வாரம் கிடைத்ததே என்று திருப்திப்படுவார்.

திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் அவருக்கு ஒரு தோட்டம், அதில் ஒரு கிணறு, கிணற்று மேட்டில் ஒரு டீசல் என்ஜின். கரண்டு கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது. கம்பம் வந்துவிட்டது, கம்பி வரவில்லை. அரசாங்கம் பாதி கொடுத்தாலும் மரியாதையாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே கம்பத்தில் எருமையைக் கட்டி வந்தார்.

எண்பதாம் வருஷக் கோடையில் டீசல் காணாமல் போனது. ஈரான் என்று ஒரு தேசம் இருக்கிறது, அங்கே தகராறு என்று டீக்கடை ரேடியோ சொல்லிற்று. திருச்செங்கோட்டில் லாரிகளும் ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டிகளும் பெட்ரோல் பங்கைச் சுற்றிக் கோயிலைச் சுற்றுவதுபோல் வரிசை கட்டி நின்றன. வெள்ளியங்கிரி தன் கேனை வரிசையில் வைத்து, கேன் மேல் ஒரு கல்லையும் வைத்து, வேப்பமர நிழலில் யோசிக்க உட்கார்ந்தார். ஈரான்காரன் சண்டை போட்டால் ஊஞ்சக்காட்டுக் கடலைச் செடி ஏன் வாட வேண்டும்? அவன் என்ன, இவர் வரப்பில் நின்றா சண்டை போடுகிறான்? பதில் கிடைப்பதற்குள் கல் இருந்தது, கேனைக் காணவில்லை.

அந்தக் கடலைச் செடிதான் பெரிய கவலை. பூத்து, விழுது மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் சமயம். இப்போது தண்ணீர் விடாவிட்டால் ஓடுதான் மிஞ்சும், பருப்பு இருக்காது.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று வீட்டுக்குள் இருந்தது. மகள் சௌந்திரத்துக்கு ஏழாம் மாதம். நாலு கல் தள்ளி, கரட்டுக்கு அந்தப் பக்கம் கரட்டுப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். பெற்றவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டு உறவுமுறைக்கெல்லாம் விருந்து வைத்தால்தான் பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டி வர முடியும். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் பேருக்குத்தான். கணக்கில் வருவது கச்சாயம். பச்சரிசி மாவையும் வெல்லப் பாகையும் பிசைந்து கடலை எண்ணெயில் சுட்டெடுத்து, ஆளுக்குக் கை நிறையக் கொடுக்க வேண்டும். கை நிறையாவிட்டால், பிறக்கப்போகும் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் பேசுவார்கள். சம்பந்தி கந்தம்மாள் அதற்குப் பிறகும் பேசக்கூடியவள்.

அதற்காகவே பாவாயி போன வருஷக் கடலையை ஆட்டி, இரண்டு டின் எண்ணெயை உள்ளறை மூலையில் வைத்து, வாயைத் துணியால் கட்டி, மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தாள். தினமும் ஒருமுறை டின்னை அசைத்துப் பார்ப்பாள். கனமாக இருந்தால் அன்றைக்கு நிம்மதி.

வெள்ளியங்கிரியின் யோசனையை நிறுத்தி வைத்தவன் மெக்கானிக் அப்புசாமி. ஓடாத என்ஜினைப் பார்க்க வந்தவன் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு சொன்னான்:

"டீசல் இல்லீன்னா கடலெண்ணெய ஊத்துங்க."

"ஏப்பா, அது ஓடுமா?"

"அதுக்கென்னங்க தெரியும்? எரியறதெல்லாம் எண்ணெய்தானுங்க. மொதல்ல சித்தெ டீசலக் காட்டிச் சூடு பண்ணிப்போட்டு, அப்பறம் எண்ணெய மாத்துங்க. பால் குடிச்ச கன்னுக்குட்டியாட்ட ஓடும்."

"கெட்டுகிட்டுப் போச்சுன்னா?"

"அதுக்குத்தான் நா இருக்கறனல்லங்க!"

ஒரு மெக்கானிக் இப்படி ஆறுதல் சொன்னால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வெள்ளியங்கிரி இருந்தார். ஒரு பகல் முழுக்க யோசித்தார். மூலையில் இருக்கும் எண்ணெய் போன வருஷக் கடலை. வயலில் நிற்பது இந்த வருஷக் கடலை. ஒன்று தாய், ஒன்று பிள்ளை. தாய் பிள்ளைக்குப் பால் கொடுப்பதைத் தடுக்க நாம் யார்? ஒரே ஒரு தண்ணி விட்டால் போதும். செடி பிழைத்துக் காய்த்தால் டின் டின்னாக எண்ணெய் வரும். கச்சாயத்துக்காக வைத்த எண்ணெயைக் கச்சாயத்துக்காகவே செலவு செய்கிறோம், நடுவில் ஒரு என்ஜின் வருகிறது, அவ்வளவுதான்.

இந்த நியாயம் பாவாயிக்கு விளங்காது என்பது மட்டும் அவருக்கு யோசிக்காமலே தெரிந்தது. எண்ணெயை எடுத்த அளவுக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, துணியைப் பழையபடி கட்டி வைத்தார். என்ஜினுக்கு என்ன ஊற்றுகிறீர்கள் என்று அவள் கேட்டபோது, "அப்புசாமி குடுத்த டீசல் கசண்டு" என்றார். டின் கனமாக இருந்தது. அவளும் நம்பினாள்.

என்ஜின் ஓடியது. அடியில் மிச்சமிருந்த டீசலில் இருமி இருமி ஓடியது, எண்ணெயில் ஏப்பம் விட்டுக்கொண்டு ஓடியது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர் பாய்ந்தது. ஆனால் அப்புசாமி ஒன்றைச் சொல்ல மறந்திருந்தான். கடலை எண்ணெய் குடித்த என்ஜினின் புகை, கச்சாயம் சுடும் வீட்டுப் புகைபோல மணக்கும்.

முதல் நாள் பங்காளி நாச்சிமுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டே, அதாவது மூக்கு காட்டிய வழியைப் பிடித்துக்கொண்டே, தோட்டத்துக்கு வந்தார்.

"ஏப்பா வெள்ளியங்கிரி, கட்டுச்சோத்துக்கு இப்பவே சுட ஆரம்பிச்சாச்சா? தோட்டத்துல ஒளிஞ்சு சுடறயா, நாங்க கேட்டுப்போடுவமுன்னு?"

"கச்சாயமில்லீங்ணா. என்ஜின்."

"என்ஜின் கச்சாயம் சுடுதா?"

விளக்கிச் சொல்லப் பொழுது சாய்ந்துவிட்டது. நாச்சிமுத்துவின் வயலிலும் கடலை வாடிக்கொண்டிருந்தது. மறுநாள் அவர் என்ஜினும் மணத்தது. அதற்கடுத்து மேற்கு வளவு, பிறகு கிழக்கு வளவு. வாரம் முடிவதற்குள் ஊஞ்சக்காடு முழுவதும் தீபாவளிக்கு முதல்நாள் போல மணத்தது. சாப்பிட மட்டும் ஒன்றுமில்லை. குழந்தைகள் காரணமில்லாமல் அழுதன. நாய்கள் கிணற்று மேடுகளைச் சுற்றிச் சுற்றி வந்து, ஏமாந்து, என்ஜினைப் பார்த்துக் குரைத்தன.

பஸ்ஸில் போனவர்களுக்கு இந்த உள்விவரம் தெரியாது. ஜன்னல் வழியாக வாசம் பிடித்தவர்கள் கரட்டுப்பாளையத்தில் இறங்கி, "உங்க சம்பந்தி ஊட்ல ஒரு வாரமா அடுப்பே அணையலீங்கோ" என்று கந்தம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. உறவில் இன்னும் இரண்டு ஊரைச் சேர்த்து அழைத்தாள். அந்தச் சேதியைச் சொல்ல மாப்பிள்ளை பாலசுந்தரமே சைக்கிள் மிதித்து வந்தான். வந்தவன் வாசம் வந்த திக்கில் நேராகக் கிணற்று மேட்டுக்குப் போய்விட்டான்.

"மாமா, ரெண்டு கச்சாயம் குடுங்க. மிதிச்சு வந்ததுல பசி."

வெள்ளியங்கிரி என்ஜினைக் காட்டினார். மாப்பிள்ளை என்ஜினையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அம்மா நூறு வாய்க்கு மேல கூப்பிட்டிருக்குதுங்க மாமா."

"சாமி, உங்கம்மாகிட்ட மட்டும் இதச் சொல்லிப்போடாதீங்க."

"சத்தியமாச் சொல்ல மாட்டனுங்க" என்றான் பாலசுந்தரம். சொல்லைக் காப்பாற்றவும் செய்தான். அம்மாவிடம் அவன் சொல்லவில்லை.

கட்டுச்சோற்றுக்கு முதல்நாள் காலை. பாவாயி மாவைப் பக்குவமாகப் பிசைந்து வைத்து, பெரிய வாணலியை அடுப்பிலேற்றி, டின்னைச் சாய்த்தாள். மேலாக நின்ற கொஞ்சம் எண்ணெய் முதலில் விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் விழுந்து வாணலி வெடித்துச் சீறியது. அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள். இரண்டாவது டின்னைத் திறந்து விரலை விட்டு, முகர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, இங்க சித்தெ வாங்க."

குரலில் கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என்ன பாவாயி?"

"எண்ணெய் தண்ணியாப் போயிருக்குது."

"வெயிலுக்கு எளகியிருக்கும்..."

"எளகட்டும். கசண்டு குடிக்கற என்ஜின் எதுக்குங்க கச்சாயமா மணக்குது?"

வெள்ளியங்கிரி தாய், பிள்ளை, பால் என்று நியாயத்தை எடுத்து வைத்தார். பாவாயி பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப நாளைக்குச் சம்பந்தி வாசல்ல போயி அந்த என்ஜினையே எறக்கி வெச்சு, ஆளுக்கு ஒருக்கா மோந்து பாருங்கன்னு சொல்லுங்க. என்ற புள்ள அங்கயே பெத்துக்கட்டும்."

அவர் வேறொரு காலிக் கேனை எடுத்துக்கொண்டு செக்குக்கு ஓடினார். செக்குக்காரர் கைலாசம் கல்லாவுக்குப் பின்னால் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். விலையைக் கேட்டதும் வெள்ளியங்கிரி பக்கத்திலிருந்த புண்ணாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க இந்த வெலை?"

"ஊஞ்சக்காட்டுல எவனோ ஒரு புண்ணியவான் என்ஜினுக்கு எண்ணெய் குடிக்கக் கத்துக் குடுத்துட்டானாமா. சுத்துப்பட்டு என்ஜினெல்லாம் இப்ப என்ற வாசல்லதான் நிக்குது. தாளிக்க எண்ணெய் கேட்டு வாரவிய வெலையக் கேட்டுப்போட்டு, வெறுங்கையோட திரும்பறாங்க."

"அது யாருங்க அந்த ஆளு?"

"பேரு தெரியலீங்க. தெரிஞ்சா மாலை வாங்கிப் போடலாமுன்னு இருக்கறன். செக்கு வெச்ச நாளா இப்படி ஒரு ஓட்டம் நா பாத்ததில்ல."

வெள்ளியங்கிரி தோளைத் துண்டால் மூடிக்கொண்டார். மாலையும் வேண்டியிருந்தது, மறைந்துகொள்ளவும் வேண்டியிருந்தது.

"அப்ப கடலக்காய் வெலையும் ஏறுமுங்களா?"

"ஏறாம? எண்ணெய் ஏறினா காய் ஏறும், புண்ணாக்கு ஏறும், புண்ணாக்கத் திங்கற எருமைப் பாலு ஏறும். அதென்ன கேள்வி? நீங்க விக்கறவிங்களா, வாங்கறவிங்களா? அதச் சொல்லுங்க."

இந்தக் கேள்விதான் அவரை ஆட்டி வைத்தது. வயலில் கடலை நிற்கிறது, ஆகவே அவர் விற்கிறவர். விலை ஏறியது அவருக்கு நல்லது. வீட்டில் மாவு காத்திருக்கிறது, ஆகவே அவர் வாங்குகிறவர். விலை ஏறியது அவருக்குக் கெட்டது. விலையை ஏற்றிவிட்டது யார் என்று பார்த்தால் அதுவும் அவரே. விற்கிற வெள்ளியங்கிரி வாங்குகிற வெள்ளியங்கிரியின் கழுத்தைப் பிடிக்கிறான். விலக்கிவிடப் போனவனும் வெள்ளியங்கிரி. யார் பக்கம் பேசுவது? இடது கன்னம் சிரிக்கப் பார்த்தது, வலது கன்னம் விடவில்லை.

"ரெண்டுமுங்க" என்றார் கடைசியில்.

"ரெண்டும்னா ஒண்ணுமில்லைன்னுதானுங்க அர்த்தம்" என்ற கைலாசம், இருப்பெல்லாம் முன்கூட்டியே பேசியாகிவிட்டது என்று கையை விரித்தார். பழகின முகத்துக்காக ஒரு சோடா பாட்டிலில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். சோற்றைத் தாளிக்க ஆகும். கச்சாயம் ஒன்றுகூட அதில் முங்காது.

மறுநாள் வண்டி கட்டிப் போனார்கள். கலம் கலமாகக் கட்டுச்சோறு. கூடவே, மூடி போட்ட பெரிய பாத்திரத்தில் சுடாத கச்சாய மாவு. அதை ஏன் எடுத்து வருகிறாய் என்று கேட்கும் தைரியம் வெள்ளியங்கிரிக்கு இல்லை. கேட்டிருந்தாலும் பாவாயிக்குப் பதில் தெரியாது. கெட்டுப்போகுமே என்று எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

கரட்டுப்பாளையத்து வாசலில் பந்தல். பந்தலில் உறவுமுறை நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. எல்லாருடைய கண்ணும் வண்டியிலிருந்து இறங்கும் பாத்திரங்களின் மேல் இருந்தது. சௌந்திரம் கதவோரம் நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்து, கீழே இருந்த தன் துணி மூட்டையைக் காலால் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டாள்.

கந்தம்மாள் ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள். புளிச்சோறு. எலுமிச்சை. தயிர். கடைசிப் பாத்திரத்தைத் திறந்தவள் நிமிர்ந்தாள்.

"ஏனுங்ணா, இது மாவல்ல?"

"மாவுதானுங்க."

"கச்சாயம்?"

வெள்ளியங்கிரி யோசித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக யோசனை எதுவும் வரவில்லை. உண்மை வந்துவிட்டது.

"என்ஜின் தின்னுட்டுதுங்க."

கந்தம்மாள் இடுப்பில் கையை வைத்தாள்.

"நல்லா இருக்குதுங்ணா! காத்து திரும்பறப்பெல்லாம் உங்க ஊட்டுக் கச்சாயம் என்ற வாசல் வரைக்கும் மணக்குதுன்னு ஒறம்பரை பூராத்துக்கும் சொல்லி வெச்சிருக்கறன். இந்த நாலஞ்சு நாளா அடுப்படி வரைக்கும் மணத்துச்சே! மணத்த கச்சாயம் எங்கீங்க?"

பாவாயி தலையைக் குனிந்துகொண்டாள். சௌந்திரத்தின் கண் கலங்கியது. இனி அவளை அனுப்புவது கந்தம்மாள் விருப்பம், அனுப்பாவிட்டால் கேட்க இவர்களுக்கு வாயில்லை. வெள்ளியங்கிரி சம்பந்தி சின்னண்ணனை உதவிக்குப் பார்த்தார். கந்தம்மாளின் புருஷனாகிய சின்னண்ணன் பந்தல்காலைக் கட்டிக்கொண்டு, தென்னை மட்டையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாலசுந்தரமும் அதே மட்டையில் தேடினான்.

"மாவு இருக்குதல்ல?" என்றாள் கந்தம்மாள். "வந்த சனத்த வெறுங்கையோட அனுப்ப என்னால ஆவாது. என்ற ஊட்ல எண்ணெயா இல்ல? சீருன்னா எப்பிடிச் செய்யறதுன்னு நா காட்டறன். அதுக்கப்பறம் பேசிக்கலாம், புள்ளய அனுப்பறதா வேண்டாமான்னு."

உள்ளே போனவள் ஒரு டின்னை இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தாள். டின் கனமாக இருந்தது. அந்தக் கனத்தை எல்லாரும் பார்க்கும்படி மெதுவாகவே நடந்தாள். வாசலில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, வாணலியை வைத்து, துணியை அவிழ்த்தாள்.

பாவாயி அந்தத் துணியின் முடிச்சைப் பார்த்தாள். பெண்பிள்ளை போட்ட முடிச்சு இல்லை.

"அண்ணி, சித்தெ தள்ளி நின்னு ஊத்துங்க" என்றாள்.

கந்தம்மாள் ஊற்றினாள். வாணலி வெடித்துச் சீறியது. பந்தலில் முன்வரிசை பின்வரிசையானது. ஆவி கலைந்ததும் கந்தம்மாள் டின்னுக்குள் விரலை விட்டாள், முகர்ந்தாள், மெதுவாகத் திரும்பிப் பந்தல்காலைப் பார்த்தாள்.

"அது வந்து... கடலக்காய் வாடுதேன்னு..." என்றார் சின்னண்ணன்.

"உங்கூட்லயும் எண்ணெய் எளகிப்போச்சுங்களா அண்ணி?" என்று பாவாயி மிகுந்த அனுதாபத்தோடு கேட்டாள்.

முதலில் சிரித்தது சௌந்திரம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பந்தல் சிரித்தது. இந்த நாலைந்து நாளாகத் தன் அடுப்படியில் மணத்தது எந்த ஊர்க் கச்சாயம் என்று கந்தம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. பேசவேண்டியது அவளிடம் ஏராளமாக இருந்தது. ஆனால் எதைப் பேசினாலும் அது முதலில் பந்தல்காலில் பட்டுத்தான் வெள்ளியங்கிரியிடம் போகும்.

"மாவ வீணாக்காதீங்க" என்று அடுப்பைச் சரி செய்தாள். "உருட்டி ஆவில வெய்யுங்க. கொழுக்கட்டை தின்னுட்டுப் போவட்டும். அண்ணி, உங்க புள்ளய நீங்க கூட்டிக்கிட்டுப் போங்க. இந்த மனுசன நா இங்க வெச்சுப் பாத்துக்கறன்."

பெண்கள் மாவை உருட்டினார்கள். அதற்குள் ஆண்கள் வெள்ளியங்கிரியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு டின்னுக்கு எத்தனை பாத்தி பாயும், சூடு பண்ண எவ்வளவு டீசல், விளக்கெண்ணெய் ஊற்றலாமா, வேப்பெண்ணெய் என்றால் எப்படி என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். திட்டு வாங்க வந்த இடத்தில் தன்னை ஏன் உற்சவமூர்த்தி மாதிரி சுற்றுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, நாலு ஊரில் எண்ணெய் விலை ஏறுவது அவர் காதிலேயே கேட்டது. நிறுத்த முடியவில்லை.

சௌந்திரம் வண்டியில் ஊஞ்சக்காட்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்புசாமியும் பின்னாலேயே வந்து சேர்ந்தான். என்ஜினின் மூக்கில் எண்ணெய் பிசினாக இறுகி அடைத்துக்கொண்டிருந்தது. கழற்றிச் சுரண்டிக்கொண்டே, "நாந்தான் இருக்கறன்னு சொன்னனல்லங்க" என்றான்.

சித்திரையில் டீசல் வந்தது. எங்கே போயிருந்தது, ஏன் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. என்ஜின்கள் எண்ணெயை மறந்தன. எண்ணெய் விலை மளமளவென்று இறங்கியது. அது இறங்கி முடித்த வாரத்தில்தான் வெள்ளியங்கிரி கடலையைப் பிடுங்கினார். விலை ஏறியிருந்தபோது விற்க அவரிடம் காயில்லை. விலை இறங்கியபோது வாங்க அவருக்கு அவசியமில்லை. இதில் தான் எங்கே தப்புச் செய்தோம் என்று யோசித்தார். தப்புச் செய்யாத இடம்தான் கிடைக்கவில்லை.

வைகாசியில் பேத்தி பிறந்தாள். கந்தம்மாள் குழந்தை பார்க்க வருகிற அன்று, பாவாயி புது எண்ணெயை வாணலியில் ஊற்றி, விட்டுப்போன கச்சாயத்தை எல்லாம் சேர்த்துச் சுட்டாள். தெருவெல்லாம் மணத்தது. தட்டுத் தட்டாக அடுக்கி வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாருக்காகக் காத்திருந்தாள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நாச்சிமுத்து வாசலைத் தாண்டிப் போனவர், மூக்கைச் சுளித்து, "மறுக்கா டீசல் தட்டுப்பாடாட்ட இருக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

வெள்ளியங்கிரியும் வீட்டில் இல்லை. வாசம் மூக்கில் பட்டதுமே, யாரோ என்ஜினை ஓட விட்டுவிட்டார்கள், நிறுத்த வேண்டும் என்று தோட்டத்துக்கு ஓடியிருந்தார். என்ஜின் சும்மா இருந்தது. தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. ஆனால் மணத்தது. கம்பத்தில் கட்டியிருந்த எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்தார்.